நாற்காலி, மீசை, விரித்த கூந்தல்: திரைப் பாத்திரங்களில் ஆண்மையையும் பெண்மையையும் படிப்பது எப்படி?

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை ஏழெட்டுப் பேர் சேர்ந்து படம் பார்ப்போம். மேல் மாடி அக்கா, ஓய்வுபெற்ற மாமா ஒருவர், தேசிய சேவை என்ற கட்டாயப் படைப்பணிக்குப் போகக் காத்திருந்த என் அண்ணன் மகன், அவனுடைய தொடக்கக் கல்லூரி நண்பர்கள் இருவர், இன்னும் சிலர். 1999ல் வந்த ‘படையப்பா’வைப் பார்த்த அன்று வாக்குவாதத்தில் சாப்பாடு ஆறிப்போனது. “திமிர் பிடிச்சவ, அதனால அழிஞ்சா” என்றார் மாமா. “பிடிச்சவன்கிட்ட பிடிச்சிருக்குன்னு சொன்னது ஒரு குத்தமா மாமா?” என்று கேட்டார் அக்கா. இருவருமே படத்தின் வில்லி நீலாம்பரியைப் பற்றி எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார்கள்.

ஆனால் நீலாம்பரி ஒருவர் எழுதி, ஒருவர் நடித்து, பலர் சேர்ந்து உருவாக்கிய பாத்திரம். அவள் எங்கே உட்கார வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழ வேண்டும், கடைசியில் என்ன ஆக வேண்டும் என்று எல்லாமே யாரோ யோசித்து எடுத்த முடிவுகள். அந்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க நாங்கள் பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளி ஒப்படைப்பு எழுதும் மாணவருக்கும் உதவும், வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கும் உதவும்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். மீசை என்றால் ஆண்மை, மல்லிகை என்றால் பெண்மை என்று அகராதி போட்டுக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், எதுவும் புரிந்திருக்காது. அந்த மீசை எப்போது வந்தது, அந்த நாற்காலி யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று பாருங்கள். ஆண் என்றால் யார், பெண் என்றால் யார் என்று அந்தப் படம் நம்புவதெல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

முதல் படி: உங்கள் பட்டியலை எழுதி வையுங்கள்

படத்தைப் போடுவதற்கு முன்பே ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் ஆண், மறு பக்கம் பெண். மனத்தில் முதலில் வரும் சொற்களை அப்படியே எழுதுங்கள். நல்ல பெயர் வாங்குவதற்காகத் திருத்தாதீர்கள். எங்கள் கூடத்தில் மாமா முதலில் எழுதிய சொல் ‘சம்பாதிப்பவன்’. அண்ணன் மகன் எழுதியது ‘அழமாட்டான்’. பெண் பக்கத்தில் மூன்று பேர் ‘பொறுமை’ என்று எழுதியிருந்தார்கள்.

இந்தப் பட்டியல் நமக்குப் புதிதில்லை. அச்சம், நாணம், மடம் ஆகியவை பெண்ணுக்கு உரியவை என்றும், பெருமையும் உரனும் ஆணுக்கு உரியவை என்றும் தொல்காப்பியமே வகுத்துவைத்திருக்கிறது. பிற்காலத்தில் பெண்ணின் பட்டியலில் பயிர்ப்பும் சேர்ந்தது. பாரதி அதைத் தூக்கி எறிந்துவிட்டு நிமிர்ந்த நடையையும் நேர்கொண்ட பார்வையையும் பெண்ணுக்குக் கொடுத்தார். நம் சினிமா இந்த இரண்டு பட்டியல்களுக்கும் நடுவேதான் இன்றுவரை அலைந்துகொண்டிருக்கிறது. பழைய படங்களில் பெண் பார்க்க வரும் காட்சியில் கதாநாயகி கால் கட்டைவிரலால் தரையில் கோலம் போடுவாளே, அந்த ஒரு அசைவுக்குள் அச்சம், நாணம், மடம் மூன்றும் அடங்கிவிடும். குனிந்த தலை நிமிர்வது எந்தக் காட்சியில், யாரைப் பார்த்து என்பதை மட்டும் கவனித்து வந்தாலே பாதிப் படம் புரிந்துவிடும்.

தாளை மடித்து ஓரமாக வைத்துவிடுங்கள். கடைசியில் வேண்டும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு காட்சி, ஒலி இல்லாமல்

முழுப் படத்தையும் ஒரே மூச்சில் அலச முடியாது. நான்கைந்து நிமிடக் காட்சி ஒன்று போதும். அறிமுகக் காட்சியை எடுத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் இந்தப் பாத்திரத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று படம் நமக்குச் சொல்லிக்கொடுப்பதே அங்கேதான். ஒலியை அணைத்துவிடுங்கள். வசனமும் பின்னணி இசையும் இல்லாதபோது கேமரா என்ன செய்கிறது என்பது பளிச்சென்று தெரியும்.

நாயகனை முதலில் துண்டு துண்டாகக் காட்டுவார்கள். செருப்புக் கால், காப்பு போட்ட கை, முதுகு, கூட்டத்தின் ஆவலான முகங்கள், அப்புறம்தான் அவன் முகம். நாயகியையும் அப்படித்தான் காட்டுவார்கள். ஆனால் அவன் கால் எதையாவது உதைக்கிறது, கை எதையாவது பிடிக்கிறது. அவளுடைய இடுப்பும் கூந்தலும் உதடும் எதையும் செய்வதில்லை, பார்க்கப்படுகின்றன. பல நேரங்களில் அதே காட்சிக்குள் ஓர் ஆண் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பான், நாமும் அவன் கண்ணைக் கடன் வாங்கித்தான் பார்க்கிறோம். லாரா மல்வி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1975ல் வெளியான தன் கட்டுரையில் ஹாலிவுட் படங்களை வைத்து இதைத்தான் விளக்கினார். ‘ஆண் நோக்கு’ என்று இன்று நாம் சொல்வது அங்கிருந்து வந்தது.

அடுத்து ஒலியோடு ஒருமுறை பாருங்கள். எங்கே தாளம் அடிக்கிறது, எங்கே புல்லாங்குழல் வருகிறது என்று குறித்துக்கொண்டால் போதும்.

மூன்றாம் படி: தலைமுடியிலிருந்து தொடங்குங்கள்

உடை, நகை, நடை, குரல் என்று கவனிக்க எத்தனையோ இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் குறிக்க முயன்றால் சலித்துவிடும். நான் தலைமுடியிலிருந்து தொடங்கச் சொல்வேன். சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு அதற்குத் தனிக் காரணமும் உண்டு.

விளக்கு வைக்கிற நேரத்தில் தலையை விரித்துப் போடாதே என்று என் அம்மா திட்டுவார். பக்கத்து வீட்டு மலாய் அத்தையும் (மக்சிக் என்போம்) தன் பெண்ணிடம் அதையேதான் சொல்வார், அவர் சொன்ன காரணம் பொந்தியானாக் என்ற பெண் பேய். மலாய்க் கதைகளில் பிரசவத்தில் இறந்த பெண் நீண்ட விரித்த கூந்தலோடு, வெள்ளை உடையில், பூ வாசத்தோடு வருவாள். அவள் பிடரியில் ஓர் ஆணியை அடித்துவிட்டால் அழகான, அடக்கமான மனைவியாகிவிடுவாள். ஆணியைப் பிடுங்கினால் மறுபடியும் பேய். இந்தப் பேயை வைத்து 1957ல் சிங்கப்பூரில் கேத்தே-கெரிஸ் நிறுவனம் ‘பொந்தியானாக்’ என்ற பெயரிலேயே ஒரு படம் எடுத்தது. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ், நடித்தவர் மரியா மெனாடோ. அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் வந்த பேய்ப் படங்கள் பலவற்றிலும் அந்தக் கூந்தல் தொடர்ந்து வருகிறது.

அந்த ஆணியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நல்ல மனைவி என்பவள் பிடரியில் ஆணி அடிக்கப்பட்ட பேய் என்று ஒரு கதை சொல்கிறது. பெண்ணின் ஆற்றலைப் பற்றி இதைவிட வெளிப்படையான பயத்தை நான் எந்தக் கதையிலும் பார்த்ததில்லை.

இதன் பக்கத்தில் நம் கண்ணகியை வையுங்கள். அவளும் விரித்த கூந்தலோடுதான் பாண்டியன் அவைக்குள் நுழைகிறாள், மதுரையை எரிக்கிறாள். அவளைத் தெய்வமாக்கிக் கோயில் கட்டினோம். ஏன் இந்த வேறுபாடு? கண்ணகியின் கோபம் கணவனுக்காக. பொந்தியானாக்கின் கோபம் அவளுக்கு நேர்ந்ததற்காக. தமிழ்ப் படங்களில் உச்சக்கட்டத்தில் ஒரு பெண்ணின் கொண்டை அவிழும்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இவள் யாருக்காகக் கோபப்படுகிறாள்? பிள்ளைக்காக, தாலிக்காக என்றால் கேமரா கீழிருந்து அம்மனைப் போலக் காட்டும். தனக்காகவே என்றால் பெரும்பாலும் வில்லி.

நான்காம் படி: ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு போங்கள்

இப்போது ‘படையப்பா’வின் அந்தக் காட்சிக்கு வருவோம். நீலாம்பரி கால் மேல் கால் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். வந்தவருக்கு உட்கார இடம் இல்லை. படையப்பா தோளிலிருந்த துண்டை வீசி, மேலே ஏற்றிக் கட்டியிருந்த ஊஞ்சலை இழுத்து இறக்கி, அவளுக்கு எதிரே அதே மாதிரிக் கால் மேல் கால் போட்டு உட்காருகிறார். நூறு முறை பார்த்த காட்சிதான். ஒலியை அணைத்துப் பார்த்த அன்றுதான் அதிலுள்ள பொருள்களைக் கவனித்தேன்.

துண்டு, உழைக்கிறவன் வியர்வை துடைக்கும் துணி. அது இங்கே ஆயுதமாகிறது. ஊஞ்சல், நம் வீடுகளில் கல்யாணத்தில் மணமக்களை உட்கார வைத்து லாலி பாடும் இடம், மத்தியானங்களில் பெண்கள் ஓய்வாக உட்காரும் இடம். அது சிம்மாசனமாகிறது. அவள் உட்கார்ந்திருப்பதோ அவளுடைய சொந்த நாற்காலி. அந்த வீட்டில் அவளுக்கு உரிமை இருக்கிறது, பணம் இருக்கிறது. ஆனாலும் கைத்தட்டல் அவருக்கு. இருவரும் உட்கார்ந்திருக்கும் விதம் ஒன்றுதான். அவர் உட்கார்ந்தால் கம்பீரம், அவள் உட்கார்ந்தால் திமிர். இதைச் சொன்னபோது மாமா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ரம்யா கிருஷ்ணன் இல்லேன்னா அந்தக் காட்சியே இல்லைம்மா” என்றார். அதுவும் உண்மை. படம் அவளைத் தோற்கடிக்கப் பார்க்கிறது, நடிப்பு அவளைத் தோற்க விடுவதில்லை. குறியீடு படத்தின் விருப்பத்தை மீறி நடக்கும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள், அவை அரிதாகத்தான் கிடைக்கும்.

அதே நாற்காலியை 2023ல் வந்த ‘மாமன்ன’னில் தேடுங்கள். சட்டமன்ற உறுப்பினரான மாமன்னன், ஆதிக்க சாதியைச் சேர்ந்த கட்சிக்காரர் முன்னால் நின்றுகொண்டே பேசுகிறார். உட்காருங்கள் என்கிறான் மகன். இங்கே ஓர் ஆண் உட்காருவதற்குத் தடையாக நிற்பது சாதி. நம் படங்களில் ஆண்மை என்று நாம் கொண்டாடிய மீசை, அரிவாள், தோள் துண்டு எல்லாமே எல்லா ஆண்களுக்கும் கிடைத்தவை அல்ல என்பதை அந்த நாற்காலி சொல்லிவிடுகிறது. ‘தேவர் மகன்’ படத்தில் வடிவேலு நடித்த இசக்கிதான் தன் மாமன்னன் என்று படத்தின் இயக்குநர் மாரி செல்வராஜ் மேடையிலேயே சொன்னார். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு, ‘மாமன்ன’னில் கீர்த்தி சுரேஷ் நடித்த லீலாவுக்கு எந்த நாற்காலி கிடைத்தது என்றும் கேளுங்கள்.

ஐந்தாம் படி: ஆள் மாறும் கணம்

1992ல் வந்த ‘தேவர் மகன்’ தொடங்கும்போது சக்தி நீண்ட முடியும் நவீன உடையுமாக, காதலியோடு ரயிலில் ஊருக்கு வருகிறான். உணவகம் தொடங்கும் கனவோடு இருக்கிறான். அப்பா இறந்த பிறகு முடி குறைகிறது, மீசை வருகிறது, வேட்டி சட்டை வருகிறது. நாம் அதைக் கைத்தட்டி வரவேற்கிறோம். அந்த மீசையோடு அவன் எதையெல்லாம் விட்டுவிட்டான் என்று பட்டியல் போடுங்கள்: கனவு, காதலி, கிளம்பிப் போகும் சுதந்திரம். கடைசியில் கைதியாக அதே ரயிலில் ஏறுகிறான். ஆண்மை அங்கே வீட்டுச் சொத்தைப் போல மகன் தலையில் விழுகிறது, கடனும் சேர்த்து.

சிங்கப்பூரில் இந்த மாற்றம் தலைகீழ். நம் ஊரில் பையன் ஆணாவதற்கு முடியைக் கொடுத்துவிட வேண்டும். 1967 முதல் இங்கே தேசிய சேவை ஆண்களுக்குக் கட்டாயம், முழுநேரச் சேவை இரண்டு ஆண்டு. ஜாக் நியோவின் ‘ஆ பாய்ஸ் டு மென்’ (2012) பெயரிலேயே அதைச் சொல்லிவிடுகிறது. தெக்கோங் தீவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பையன்களின் தலையில் இயந்திரம் ஓடும் காட்சியையும், சக்தி மீசையோடு வந்து நிற்கும் காட்சியையும் நாங்கள் ஒரே மாலையில் பார்த்தோம். ஒருவன் கூட்டத்தில் தனித்துத் தெரிய மாறுகிறான். மற்றவர்கள் கூட்டத்தில் கரைந்துபோக மாறுகிறார்கள். இரண்டுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்.

அதற்கு மூன்று வாரம் கழித்து அண்ணன் மகனும் தெக்கோங் போனான். முதல் விடுப்பில் வீட்டுக்கு வந்தபோது அவன் பாட்டி அந்த மொட்டைத் தலையைத் தடவித் தடவி அழுதார். அவன் சிரித்துக்கொண்டே நின்றான். பிறகு குளிக்கப் போனான். தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. கதவைத் தட்டப் போன அண்ணனை அண்ணி கையைப் பிடித்து நிறுத்தினார். எந்தப் படத்திலும் இந்தக் காட்சியை நான் பார்த்ததில்லை. படங்களில் எது காட்டப்படுவதே இல்லை என்று கவனிப்பதும் இந்தப் படியில் சேர்ந்ததுதான்.

ஆறாம் படி: கணக்குப் பாருங்கள்

படம் முடிந்ததும் இரண்டே கேள்விகள். யார் எதை இழந்தார்? இழந்தவருக்கு என்ன திரும்பக் கிடைத்தது?

1978ல் வந்த இரண்டு படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ காளி முரடன், தன்மானம் மிக்கவன். ஒரு கையை இழக்கிறான், வேலையை இழக்கிறான். ஆனால் தங்கை கடைசியில் அவனிடம் ஓடி வருகிறாள். அவனும் தன் வணங்காமுடித்தனம் குறையாமலே அவளை விரும்பியவனுக்குக் கட்டிக்கொடுக்கிறான். ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ மஞ்சுவுக்கும் அதே அளவு தன்மானம். அவளைப் புரிந்துகொண்டதாக நினைத்த அருண் வேறொரு பெண்ணை மணந்துகொண்டு வருகிறான். படம் மஞ்சுவைச் சாலையில் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. நீலாம்பரி பதினெட்டு ஆண்டு அறைக்குள் கிடந்து, கடைசியில் தன் கையாலேயே சாகிறாள்.

கணக்கைப் பார்த்துவிட்டு உடனே படத்தைத் திட்டிவிடாதீர்கள். மஞ்சுவைச் சாலையில் நிறுத்தும் படம் அவளுக்குத் தண்டனை தருகிறதா, அவளை விட்டுப்போனவர்களைக் குற்றம் சாட்டுகிறதா? என் கருத்தில் இரண்டாவதுதான். கேமரா கடைசியில் யாரோடு நிற்கிறது என்று பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஏழாம் படி: மீசை இல்லாத ஆண்களையும் பாருங்கள்

தமிழ்ப் படங்களை மட்டுமே பார்த்தால் ஆண்மைக்கு உரத்த குரல் தேவை என்று தோன்றிவிடும். அதனால் நம் தீவில் எடுத்த படங்களையும் கலந்துகொள்ளுங்கள். கேனிங் ரைஸில் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்திலுள்ள ஓல்டம் திரையரங்கில் ஆசியத் திரைப்படக் காப்பகம் பழைய படங்களைத் திரையிடுவதுண்டு, அவ்வப்போது பார்த்து வையுங்கள்.

ஆண்டனி சென்னின் ‘இலோ இலோ’ 2013ல் கான் திரைப்பட விழாவில், முதல் படத்துக்குத் தரும் கேமரா டோர் விருது வாங்கிய படம். கதை 1997 ஆசிய நிதி நெருக்கடிக் காலத்தில் நடக்கிறது. விற்பனை வேலையை இழந்த அப்பா மனைவியிடம் சொல்லாமல் மறைக்கிறார், ஒளிந்து புகை பிடிக்கிறார், காவலாளி வேலைக்குப் போகிறார். பெரும்பாலும் குரல் உயர்த்துவதில்லை. அவருடைய ஆண்மை மொத்தமும் அந்த ஒரு பொய்க்குள் இருக்கிறது. அம்மாவின் பக்கம் இன்னொரு சிக்கல். தாய்மை அவருக்கும் பிலிப்பீன்ஸ் பணிப்பெண்ணுக்கும் இடையே பிரிந்து கிடக்கிறது. வேலைக்குப் போகும் தாய், ஊட்டிவிடும் தாய், இருவரில் பிள்ளை யாரை ஒட்டிக்கொள்கிறான் என்று பாருங்கள்.

அந்தப் படம் ஓடும்போது மாமா எழுந்து பலகணிப் பக்கம் போய் நின்றார். அந்த நெருக்கடியில் அவருக்கும் வேலை போயிருக்கிறது. ஐந்து வாரம் தினமும் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, அத்தை கட்டிக்கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு கிளம்பி, வேறொரு புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஆறு மணிக்கு வீடு திரும்பியிருக்கிறார். ‘சம்பாதிப்பவன்’ என்று தாளில் முதலில் எழுதியவர் அவர்தான்.

எரிக் கூவின் ‘மை மேஜிக்’ (2008) சிங்கப்பூரில் எடுக்கப்பட்டு, கான் விழாவின் முதன்மைப் போட்டிப் பிரிவுக்குப் போன தமிழ் பேசும் படம். மனைவி விட்டுப்போன, குடியில் மூழ்கிய ஒரு மாயவித்தைக்காரர், மகனுக்காகத் தன் உடம்பை வதைத்துக் காசு சம்பாதிக்கிறார். கண்ணாடியைத் தின்கிறார், நெருப்பைத் தாங்குகிறார். தைப்பூசத்தில் காவடியின் அலகுகளை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த உடம்பு அந்நியமாகத் தெரியாது. அவர் யாரையும் வெல்வதில்லை, தாங்குகிறார், அவ்வளவுதான். நம் படங்களில் தாங்குவது பெண்ணின் வேலை. அதை ஓர் அப்பாவின் உடம்பில் பார்க்கும்போது மனத்துக்குள் ஏதோ அசைகிறது.

எட்டாம் படி: கோட்டைத் தாண்டுபவர்கள்

2013ல் வந்த ‘விஸ்வரூப’த்தில் கதக் நடன ஆசிரியர் மென்மையான நடையோடு வருகிறார், மனைவிக்கே அவரைப் பிடிக்கவில்லை. ஒரே சண்டைக் காட்சியில் ஆள் வேறாகிவிடுகிறார். நளினம் வேஷம், வீரம்தான் நிஜம் என்று அந்தக் காட்சி சொல்வதாக அக்கா வருத்தப்பட்டார். எனக்கோ, அந்த அடிகளில் இருந்த துல்லியம் நடனத்தில் பழகிய உடம்பினுடையது என்று தோன்றியது. இன்னும் நாங்கள் ஒத்துப்போகவில்லை.

‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) ஷில்பா பல ஆண்டு கழித்து, சேலை கட்டிய திருநங்கையாக வீடு திரும்புகிறாள். பெரியவர்கள் உறைந்து நிற்க, சிறுவன் ராசுக்குட்டிக்கு வந்திருப்பது அப்பா, அவ்வளவுதான். அவனுக்குள் இன்னும் யாரும் இரண்டு பத்திப் பட்டியலை எழுதவில்லை. அதே நேரத்தில், திருநங்கையாக ஒரு திருநங்கையே நடித்திருக்கலாமே என்ற கேள்வியையும் ஒதுக்கிவிடக் கூடாது, நியாயமான கேள்வி அது. இளையர்களோடு பார்ப்பதாக இருந்தால் பிஜி13, என்சி16, எம்18 என்ற வகைப்பாட்டை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: எழுதும்போது

‘இந்தப் படம் பெண்களை இழிவுபடுத்துகிறது’ என்று முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதினால் வாசிப்பவர் மூடிவைத்துவிடுவார். ஒரு காட்சியை, அதிலுள்ள ஒரு பொருளை, அது கைமாறும் கணத்தை முதலில் விவரியுங்கள். பார்க்காதவருக்கும் கண்ணில் தெரிய வேண்டும். பிறகு அது இன்னொரு படத்தில் எப்படி வருகிறது என்று ஒப்பிடுங்கள். அதன் பிறகு உங்கள் கருத்து. கருத்துக்கு எதிரான ஒரு காட்சி அதே படத்தில் இருந்தால் மறைக்காமல் அதையும் எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் முதல் நாள் மடித்துவைத்த தாளைப் பிரியுங்கள். பழைய சொற்களை அடிக்க வேண்டாம். கீழே தேதி போட்டுப் புதிய பட்டியலை எழுதுங்கள். எங்கள் தாள்களில் இப்போது மூன்று தேதிகள் இருக்கின்றன. போன மாதம் அக்கா ஆண் பக்கத்தை மளமளவென்று நிரப்பிவிட்டு, பெண் பக்கத்தை வெறுமையாகவே விட்டிருந்தார். எழுதவில்லையா என்று கேட்டேன். “இன்னும் யோசிக்கிறேன், அடுத்த சனிக்கிழமை வரைக்கும் விடு” என்றார்.